குப்பைக்குப் போன படங்களை முதலில் எடுங்கள்

கேள்வி: பத்து வருடத்துக்கு மேலாகக் கேனன் 70டி வைத்திருக்கிறேன். லென்ஸ்கள் மூன்று: 18-135 எஸ்டிஎம், 55-250 எஸ்டிஎம், 50 மிமீ எஃப்1.8. மகள் உள்ளரங்கில் பேட்மின்டன் ஆடுகிறாள். அவளுடைய ஆட்டங்களை எடுப்பதுதான் கேமராவுக்கு முக்கிய வேலை. விடுமுறை நாட்களில் பறவைகளும் எடுப்பேன். அரங்கில் எடுப்பதில் பாதிக்குமேல் கலங்கலாகவோ மணல் தூவியதுபோலவோ வருகிறது. கேனனின் ஆர்6 மார்க் 2 பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) மட்டும் வாங்கும் அளவுக்குப் பணம் சேர்த்துவிட்டேன். ஃபுல் ஃப்ரேமுக்கு, அதாவது பெரிய சென்சாருக்கு, போனால் இருட்டுப் பிரச்சினை தீரும், அதோடு கை ஆட்டத்தைச் சமாளிக்கும் எட்டு ஸ்டாப் ஸ்டெபிலைசேஷன் வேறு இருக்கிறது என்கிறார்கள். ஆர்7 வாங்கினால் கொஞ்சம் பணம் மிஞ்சும். நண்பர் ஒருவர் தன் 5டி மார்க் 4ஐக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார். எதை வாங்கட்டும்? மாதிரிக்கு ஒரு படம் இணைத்திருக்கிறேன்.

பதில்:

வணக்கம். நீங்கள் அனுப்பிய படத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். உங்கள் மகள் வலைக்கு அருகில் எம்பி அடிக்கிறாள். தரையில் இருக்கும் வெள்ளைக் கோடு பளிச்சென்று இருக்கிறது. முகமும் ஓரளவு தெளிவு. ஆனால் முழங்கையிலிருந்து மட்டை வரை ஒரே இழுப்பு, புகை மாதிரி. படத்தின் விவரத்தைப் பார்த்தேன்: ஷட்டர் 1/160 நொடி, லென்ஸ் திறப்பு எஃப்5.6 (எண் சிறிதானால் திறப்பு பெரிது), ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 3200. அதாவது ஃபோகஸ் சரியாகத்தான் விழுந்திருக்கிறது, கையும் ஆடவில்லை. ஷட்டர்தான் போதவில்லை. இந்தப் படத்தை ஆர்6 மார்க் 2வில் அதே 1/160ல் எடுத்திருந்தாலும் மட்டை புகையாகத்தான் வந்திருக்கும்.

அதனால் எந்தப் பாடி என்று முடிவுகட்டும் முன் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, நீங்கள் ஒதுக்கிய படங்களையெல்லாம் கணினியில் திறந்து 100 சதவீதத்தில் பாருங்கள். நல்ல படங்கள் வேண்டாம், அவை எதையும் சொல்லித் தராது. கெட்டுப்போனவற்றை நான்கு ஃபோல்டராகப் பிரியுங்கள். கோடும் வலையும் தெளிவாக இருந்து ஆள் மட்டும் இழுத்திருந்தால் அது ஷட்டர் வேகக் குறை. பின்சுவரில் உள்ள எழுத்துகள் கூர்மையாக இருந்து ஆள் மங்கலாக இருந்தால் ஃபோகஸ் தவறியது. எல்லாமே ஒரே திசையில் இரட்டையாகத் தெரிந்தால் கை ஆடியது. எல்லாம் சரியாக இருந்தும் நிழல் பகுதியெல்லாம் பொரிப்பொரியாக இருந்தால் நாய்ஸ். இந்த நான்கில் எந்த ஃபோல்டர் பருத்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பணத்தை எங்கே போடுவது என்று சொல்ல முடியும்.

ஐந்தாவதாக ஒன்றும் கண்ணில் படலாம். தொடர்ந்து எடுத்த ஐந்து படத்தில் ஒன்று வெளிச்சமாக, அடுத்தது கொஞ்சம் இருட்டாக, இன்னொன்று மஞ்சளடித்து வந்திருக்கும். அது உங்கள் தவறே இல்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடங்களில் பல அரங்க விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டருக்குத் தெரியும். விளக்கு உச்சத்தில் இருக்கும்போது பார்த்து ஷட்டரைத் திறக்கும் வசதி கேனனில் 2014ல் 7டி மார்க் 2வோடுதான் வந்தது. உங்கள் 70டி 2013ஐச் சேர்ந்தது, அதில் இல்லை. புதுப் பாடியால் மட்டுமே தீரக்கூடிய குறை என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் முதலில் காட்டுவேன். நீங்கள் பார்க்கும் ஆர்7, ஆர்6 மார்க் 2 இரண்டிலும் அந்த வசதி உண்டு.

சரி, இப்போது இருட்டுக்கு வருவோம். பேட்மின்டனுக்கு 1/640 நொடியாவது வேண்டும். ஸ்மாஷ் அடிக்கும் மட்டையை அப்படியே நிறுத்த அதுவும் பத்தாது, ஆனால் முகமும் உடலும் நின்றுவிடும். 1/160லிருந்து 1/640க்குப் போக இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரட்டிப்பு) வெளிச்சம் கூடுதலாக வேண்டும். 55-250ஐ இழுத்து வைத்தால் எஃப்5.6க்கு மேல் திறக்காது, ஆகவே ஐஎஸ்ஓவைத்தான் ஏற்ற வேண்டும்: 3200லிருந்து 12800. 70டியின் சாதாரண ஐஎஸ்ஓ வரம்பே அங்கே முடிகிறது. எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆர்6 மார்க் 2 வாங்கி, பழைய லென்ஸைப் புது மவுன்ட்டில் பொருத்தும் அடாப்டர் போட்டு, அதே 55-250ஐ மாட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது ஈஎஃப்-எஸ் லென்ஸ். சிறிய சென்சாருக்காகச் செய்தது. மாட்டிய உடனே கேமரா தானாகவே 1.6 மடங்கு க்ராப்புக்குப் போய்விடும், சென்சாரின் நடுப்பகுதி மட்டும்தான் வேலை செய்யும். 24 மெகாபிக்சலில் சுமார் 9தான் மிஞ்சும். அதே லென்ஸ் உங்கள் 70டியில் 20 மெகாபிக்சல் தருகிறது! வெளிச்சத்திலும் அப்படித்தான். ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் பரப்பு உங்களுடையதைப்போல் இரண்டரை மடங்கு, அதனால்தான் நாய்ஸ் குறைகிறது. க்ராப்பில் அந்தக் கூடுதல் பரப்பு சும்மா கிடக்கும். சென்சார் புதியது என்பதால் கொஞ்சம் முன்னேற்றம் தெரியும். அவ்வளவுதான், நீங்கள் கொடுக்கப்போகும் பணத்துக்கு அது ஈடாகாது. ஆர்6 மார்க் 2வை முழுதாக அனுபவிக்க ஃபுல் ஃப்ரேம் லென்ஸ்கள் வேண்டும். உங்கள் மூன்றில் 50 மிமீ ஒன்றுதான் அந்த வகை.

எட்டு ஸ்டாப் ஸ்டெபிலைசேஷன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது உங்கள் கையை நிறுத்தும், உங்கள் மகளை நிறுத்தாது. சிலையை, கட்டடத்தை, உட்கார்ந்திருக்கும் ஆளை 1/10ல் எடுக்கலாம். ஓடுகிறவர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

5டி மார்க் 4 நல்ல கேமரா. 2016ல் வந்தது, 30 மெகாபிக்சல், இன்றும் திருமண வேலைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உங்களுக்கு வேண்டாம். ஈஎஃப்-எஸ் லென்ஸ் அதில் மாட்டவே மாட்டாது, க்ராப்பும் கிடையாது. லென்ஸ் மவுன்ட்டின் விளிம்பைப் பாருங்கள். உங்கள் 50 மிமீயில் சிவப்புப் புள்ளி இருக்கும், மற்ற இரண்டில் வெள்ளைச் சதுரம் இருக்கும். 5டி வரிசையில் சிவப்புப் புள்ளிக்கு மட்டும்தான் இடம். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முதல் ஃபுல் ஃப்ரேம் பாடியை செகண்ட் ஹேண்டில் வாங்கிய வேகத்தில் மறுநாளே ஒரு மேடை நிகழ்ச்சிக்கு ஓடினேன். பையைத் திறந்து எனக்குப் பிடித்த வைட் லென்ஸைத் திருகினால் உட்காரவில்லை. இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, வெள்ளைச் சதுரத்தைப் பார்த்தேன். அன்று முழுக்க ஒரே 50 மிமீயோடு மேடைக்கும் படிக்கட்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தேன்.

அந்த 50 மிமீயை நீங்கள் அரங்குக்குக் கொண்டுபோவதே இல்லை என்று நினைக்கிறேன். கேள்வியில் அதைக் கடைசியில்தான் எழுதியிருக்கிறீர்கள். கணக்கைப் பாருங்கள். எஃப்5.6க்கும் எஃப்2க்கும் நடுவே மூன்று ஸ்டாப், அதாவது எட்டு மடங்கு வெளிச்சம். அதே அரங்கில், அதே விளக்கில், 1/640, எஃப்2, ஐஎஸ்ஓ 1600. ஷட்டர் நான்கு மடங்கு வேகமாகிறது, ஐஎஸ்ஓ பாதியாகிறது. எந்தப் புதுப் பாடியும் எஃப்5.6 லென்ஸை வைத்துக்கொண்டு இதைத் தராது.

50 மிமீயில் தூரம் போதாது என்பீர்கள், உண்மைதான். உங்கள் சென்சாரில் 6 மீட்டர் தள்ளி நின்று கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் சுமார் 2.7 மீட்டர் உயரம் அடங்கும். ஒரு பிள்ளை கையை உயர்த்தி மட்டை பிடித்து நிற்க அது சரியான அளவு. ஆனால் 6 மீட்டரில் நிற்க எல்லா அரங்கிலும் விடமாட்டார்கள். அதனால்தான் என் முதல் சிபாரிசு ஒரு லென்ஸ்: ஈஎஃப் 85 மிமீ எஃப்1.8 யூஎஸ்எம். 1992ல் வந்த பழைய லென்ஸ்தான், ஃபோகஸ் விறுவிறுவென்று ஓடும். 10 மீட்டரிலிருந்து அதே அளவு அடங்கும். செகண்ட் ஹேண்டில் தாராளமாகப் புழங்குகிறது. 70டியில் இன்றே வேலை செய்யும், நாளை ஆர்7, ஆர்6 மார்க் 2 மாதிரி உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வாங்கினாலும் அடாப்டர் வழியாக ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும்.

அதை மாட்டியதும் இன்னொன்று செய்யுங்கள். எஃப்2ல் 10 மீட்டரில் கூர்மையாக இருக்கும் ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். எஃப்5.6ல் மறைந்திருந்த சின்ன ஃபோகஸ் பிசகெல்லாம் இங்கே வெளியே வந்துவிடும். உங்கள் 70டி மாதிரிப் பழைய டிஎஸ்எல்ஆரில் வ்யூஃபைண்டர் வழியாக ஃபோகஸ் செய்யும்போது அளவெடுப்பது சென்சார் இல்லை, கண்ணாடிக்கு அடியில் இருக்கும் தனி உறுப்பு. இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை வித்தியாசம் இருந்தால் எல்லாப் படமும் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ விழும். சோதிப்பது சுலபம். சுவரில் எழுத்து நிறைந்த ஒரு தாளை ஒட்டி, கேமராவை ஸ்டாண்டில் நேராக நிறுத்துங்கள். வ்யூஃபைண்டர் வழியாக ஃபோகஸ் செய்து நாலைந்து படம், லைவ் வ்யூவில் (பின்திரையைப் பார்த்து) ஃபோகஸ் செய்து நாலைந்து படம். ஒவ்வொரு முறையும் எடுப்பதற்கு முன் ஃபோகஸைக் கலைத்துவிடுங்கள். லைவ் வ்யூ படங்கள் மட்டும் தெளிவாக இருந்தால் மெனுவில் ஏஎஃப் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் இருக்கிறது, கூட்டல் கழித்தல் 20 படி வரை. இரண்டும் ஒத்துவரும்வரை நகர்த்துங்கள். "கேமரா பழசாகிவிட்டது" என்று என்னிடம் வந்தவர்களில் சிலருக்கு இந்த அரை மணி நேர வேலையே போதுமாக இருந்தது.

இதையெல்லாம் செய்து, ஒன்றிரண்டு மாதம் எடுத்த பிறகும் ஃபோகஸ் தவறிய ஃபோல்டர் பருத்திருந்தால் அப்போது பாடிதான். அங்கே வித்தியாசம் பெரிது என்பதை மறைக்கவில்லை. 70டியில் 19 ஃபோகஸ் புள்ளிகள், அவ்வளவும் நடுவில் கூடியிருக்கும். ஆள் ஓரத்துக்கு ஓடினால் பிடிக்க ஆளில்லை. மிரர்லெஸ்ஸில் ஃபோகஸைப் பார்ப்பதே சென்சார்தான், ஆகவே மேலே சொன்ன மயிரிழைத் தகராறு இல்லை. ஆளையும் முகத்தையும் கண்ணையும் அதுவே தேடிப் பிடித்து ஃப்ரேமின் ஓரம்வரை கூடவே போகும். முதல் நாள் பார்க்கும்போது ஏமாற்று வித்தை மாதிரிதான் இருக்கும்.

உங்களிடம் இருக்கும் லென்ஸ்களுக்கும் நீங்கள் எடுக்கும் விஷயங்களுக்கும் ஆர்7தான் பொருந்துகிறது. அதே அளவு சென்சார், அதனால் ஈஎஃப்-எஸ் லென்ஸ் எதுவும் வீணாகாது. 32.5 மெகாபிக்சல். பறவை விஷயத்தில் இது நேரடி லாபம்: அதே 55-250ல் அதே தூரத்துப் பறவை, 70டியை விட நீளவாக்கில் கால் பங்குக்கும் அதிகமான பிக்சல்களில் பதியும். ஆர்6 மார்க் 2வில் அதே பறவை க்ராப்புக்குள் சுருங்கிப்போகும். இரண்டு கார்டு இடம், பாடிக்குள்ளேயே ஸ்டெபிலைசேஷன், மெக்கானிக்கல் ஷட்டரில் நொடிக்கு 15 படம். உங்கள் பழைய எல்பி-ஈ6 பேட்டரியும் இதில் வேலை செய்யும். பணம் நெருக்கினால் ஆர்10 இருக்கிறது: 24 மெகாபிக்சல், அதே 15 படம், ஆனால் ஒரே கார்டு, ஸ்டெபிலைசேஷன் கிடையாது, பேட்டரியும் வேறு. நான் சொன்ன 85 மிமீயிலும் ஸ்டெபிலைசேஷன் இல்லை. ஆனாலும் 1/640ல் அது பெரிய குறையாகத் தெரியாது.

ஆர்7ல் எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. சத்தமில்லாமல் எடுக்கலாம், நொடிக்கு 30 வரும் என்று எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டுவிடாதீர்கள். அந்தச் சென்சார் மேலிருந்து கீழாகப் படித்து முடிக்க ஆர்6 மார்க் 2வைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். அதற்குள் மட்டை பாதி தூரம் போயிருக்கும். படத்தில் மட்டை வாழைப்பழம் மாதிரி வளைந்து நிற்கும், விளக்கினால் பட்டை பட்டையாகக் கோடும் விழும். மெக்கானிக்கல் ஷட்டரிலேயே இருங்கள். இன்னொன்று, வலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிள்ளையின் முகத்துக்கு ஃபோகஸ் தாவக்கூடும். எந்த இடத்திலிருந்து ஆளைப் பிடிக்க ஆரம்பிக்க வேண்டும் என்று நீங்களே புள்ளி வைக்கும் வசதி மெனுவில் இருக்கிறது, முதல் நாளே அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

கிட் லென்ஸோடு சேர்த்து விற்பதை வாங்காதீர்கள். உங்கள் 18-135 போதும். பாடியும் ஈஎஃப்-ஈஓஎஸ் ஆர் அடாப்டரும் மட்டும் வாங்குங்கள். அடாப்டர் என்றதும் தரம் குறையுமோ என்று பயம் வரும். உள்ளே கண்ணாடியே கிடையாது. பழைய மவுன்ட்டில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடைவெளி 44 மில்லிமீட்டர், புதியதில் 20. மிச்சம் 24ஐ நிரப்பும் குழாய் அது, கூடவே சில மின்தொடர்புகள், வேறொன்றும் இல்லை. வருங்காலத்தில் 18-135க்குப் பதில் வெளிச்சமான ஜூம் வேண்டுமென்றால், 2024 முதல் சிக்மாவும் டாம்ரானும் இந்தச் சிறிய சென்சார் ஆர்எஃப் (புதிய மவுன்ட்) கேமராக்களுக்கு ஆட்டோஃபோகஸ் லென்ஸ் தருகின்றன. சிக்மா 18-50 எஃப்2.8 அதில் ஒன்று.

கணக்கில் வராத செலவுகளையும் எழுதி வையுங்கள். 70டி ஒரு சார்ஜில் சுமார் 920 படம் என்று கணக்கு. மிரர்லெஸ்ஸில் வ்யூஃபைண்டரே ஒரு திரை, அதனால் பேட்டரி வேகமாக இறங்கும். இன்னொரு பேட்டரி இல்லாமல் முழுநாள் போட்டிக்குப் போகாதீர்கள். நொடிக்கு 15 ராவ் (பதப்படுத்தாத மூலப்) படம் என்றால், கார்டுக்குப் போகும்முன் படங்கள் தங்கும் பஃபர் சில நொடிகளிலேயே நிரம்பிவிடும். பழைய யூஎச்எஸ்-1 கார்டு வேலை செய்யும், ஆனால் பஃபர் காலியாகும்வரை ஆட்டத்தை வேடிக்கைதான் பார்க்க வேண்டும். வேகமான யூஎச்எஸ்-2 கார்டு ஒன்றாவது வாங்குங்கள். அப்புறம், புதிய கேமரா தரும் ராவ் ஃபைல் சிஆர்3 வகை. ஒரே தடவை பணம் கட்டி வாங்கிய பழைய லைட்ரூம் 6 மென்பொருள் வைத்திருந்தால் அதைத் திறக்காது. அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வர்ட்டர் வழியாக மாற்றிக்கொள்ளலாம், அல்லது கேனனின் டிபிபி மென்பொருள் இருக்கிறது.

85 மிமீயை செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது எஃப்1.8, எஃப்2.8 இரண்டிலும் படம் எடுத்து ஓரங்களைப் பாருங்கள். டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள், சிலந்தி வலை மாதிரி தெரியும். ஃபோகஸ் வளையம் கரகரக்கக் கூடாது.

உங்களிடம் 70-200 எஃப்2.8 மாதிரி ஒரு லென்ஸ் இருந்திருந்தால், பறவையும் இல்லாமல் அரங்கம் மட்டும் என்றிருந்தால், யோசிக்காமல் ஆர்6 மார்க் 2 என்று எழுதியிருப்பேன். அது ஆர்7ஐ விட நல்ல கேமரா என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உங்கள் பைக்குத்தான் அது பொருந்தவில்லை.

85 வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த ஆட்டத்துக்கு அந்த 50 மிமீயை மாட்டிக்கொண்டு போங்கள். கேமராவை எம்மில் (மேனுவல்) வைத்து 1/640, எஃப்2, ஐஎஸ்ஓ 1600. ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் ஒன்றில் நிறுத்திவிடுங்கள். ஃபோகஸ், நகரும் ஆளை விடாமல் தொடரும் ஏஐ சர்வோவில், நடுப்புள்ளி மட்டும். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம், ஆடுகிற பிள்ளையின் கண் கூசும். கோர்ட்டின் மூலைக்குப் பின்னால், 6 மீட்டரில் நிற்க இடம் தருவார்களா என்று நடுவரிடம் கேட்டுப் பாருங்கள். பிறகு எனக்கு எழுதும்போது நன்றாக வந்த படத்தை அனுப்பாதீர்கள். கெட்டுப்போனதில் ஒரு பத்து, எடிட் செய்யாமல் அனுப்புங்கள்.